உண்ணத்தகு பூச்சிகளும் ஊரக வாழ்வாதாரமும்: ஈசல், மோப்பேன் புழு, எரி பட்டுப்புழு, சுவர்க்கோழி – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பூச்சியுணவு வறுமைக் காலத்தின் எச்சம் என்று ஒரு சாராரும், எதிர்காலப் புரதப் பற்றாக்குறைக்குத் தீர்வு என்று மற்றொரு சாராரும் கூறி வருகின்றனர். பூச்சிகளைச் சேகரித்தும் வளர்த்தும் விற்கும் ஊரக மக்களின் உழைப்பும் வருவாயும் இவ்விரு பார்வைகளிலும் போதிய இடம் பெறவில்லை. தமிழகத்து ஈசல், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கிடைக்கும் மோப்பேன் புழு, அசாமிய எரி பட்டுப்புழு, தாய்லாந்தின் சுவர்க்கோழி ஆகிய நான்கையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. பூச்சி உண்ணும் தீனி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே இத்தொழிலின் நிலைத்தன்மையையும் வருவாய்ப் பங்கீட்டையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: உண்ணத்தகு பூச்சிகள், ஈயல், மோப்பேன், எரி பட்டு, சுவர்க்கோழி வளர்ப்பு, வன உரிமை, ஊரக வாழ்வாதாரம்.

முன்னுரை

ஐக்கிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை அமைப்பு 2013ஆம் ஆண்டில் உண்ணத்தகு பூச்சிகள் குறித்து விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர்னால்டு வான் ஹூயிஸ் அதன் முதன்மை ஆசிரியர். 1,900க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் உணவாகப் பயன்படுவதாக அவ்வறிக்கை குறிப்பிட்டது. குறைந்தது 200 கோடி மக்களின் மரபுணவில் பூச்சிகள் இடம்பெறுவதாகவும் கூறியது. பின்னர் அவ்வாசிரியர் குழுவினரே 2022இல் எழுதிய கட்டுரையில் 200 கோடி என்னும் எண்ணிக்கைக்குப் போதிய சான்றில்லை என மறுபரிசீலனை செய்தனர். எனினும் அவ்வெண் இன்றும் பல கட்டுரைகளில் ஆய்வின்றி எடுத்தாளப்படுகிறது. பூச்சியுணவு பற்றிய எழுத்துகளைக் கவனத்துடன் அணுக வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வறிக்கைக்குப் பின் தோன்றிய எழுத்துகள் பலவும் பூச்சியின் புரத அளவையும் சூழலுக்கு உகந்த தன்மையையும் முன்னிறுத்துகின்றன. பூச்சியை யார் பிடிக்கின்றனர், யார் வளர்க்கின்றனர், விலையில் யாருக்கு எவ்வளவு சேர்கிறது என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. மேலும், சேகரிப்பு, வளர்ப்பு என்னும் இரண்டும் ஒரே தொழிலின் இரு படிநிலைகள் போலவும், முன்னது பழமை, பின்னது வளர்ச்சி எனவும் கொள்ளும் போக்கும் காணப்படுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு நிபந்தனைகளால் இயங்கும் தனித்தனி வாழ்வாதாரங்கள் என்பதை நான்கு சான்றுகளின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈயல்: சங்கப் பாடல்களில் ஒரு பருவ உணவு

தமிழில் பூச்சியுணவு பற்றிய தொன்மையான பதிவு ஈயலைக் குறித்ததாகும். இன்று ஈசல் என வழங்கும் இறகு முளைத்த கரையானே ஈயல். அகநானூற்று 394ஆம் பாடல் இதனை ஒரு முழு உணவாகவே காட்டுகிறது. ஆட்டுத் தயிர், புன்செய் வரகரிசி, கார்மழைக்குப் பின் ஈரமான புற்றிலிருந்து கிடைத்த ஈயல் ஆகியவற்றைச் சேர்த்துச் சமைத்த புளிப்பான சூடான சோற்றின்மேல் பசுவெண்ணெய் உருகுவதாக அப்பாடல் கூறுகிறது. நற்றிணை 59ஆம் பாடலில் உடும்பு, நுணல், முயல் ஆகியவற்றோடு புற்றைக் கிளறி ஈயலையும் கொண்டுவரும் வேட்டுவன் இடம்பெறுகிறான். புறநானூறு 119ஆம் பாடலில் மோரோடு சேர்த்துப் புளிக்கச் சமைத்த ஈயலும் தினையும் பாரியின் நாட்டு வளமாகச் சுட்டப்படுகின்றன.

இம்மூன்று பாடல்களிலிருந்தும் இரு செய்திகளை அறியலாம். ஒன்று, ஈயல் பஞ்சகால உணவாகச் சித்திரிக்கப்படவில்லை. பால்பொருளும் தானியமும் சேர்ந்த பருவ விருந்தாகவே அது பேசப்படுகிறது. மற்றொன்று, பெறும் முறையில் வேறுபாடு உண்டு. மழைக்குப்பின் தானே வெளிவரும் ஈயலைக் கொள்வது ஒரு முறை. நற்றிணை வேட்டுவனைப் போலப் புற்றைக் கிளறி எடுப்பது பிறிதொரு முறை. நிலைத்தன்மை என்னும் நோக்கில் இவ்வேறுபாடு முதன்மையானது.

கரையான் புற்றில் ஆண்டில் குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே இறகுடைய ஈசல்கள் உருவாகின்றன. மழைக்குப்பின் ஒருசில நாட்களில் அவை கூட்டமாகப் பறந்து, இறகுதிர்த்து, இணை சேர்ந்து புதிய புற்றைத் தொடங்க முயல்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பான்மை பறவைகளுக்கும் பல்லிக்கும் தவளைக்கும் எறும்புக்கும் இரையாகிவிடுகின்றன. எனவே வெளிவந்த ஈசலைப் பிடிப்பதால் தாய்ப்புற்றுக்குக் கேடில்லை. புற்றை உடைத்தால் அரசியும் பூஞ்சைத் தோட்டமும் அழியும். அடுத்த ஆண்டின் ஈசலும் இல்லாமற்போகும்.

தமிழகச் சிற்றூர்களில், குறிப்பாக இருளர் போன்ற பழங்குடியினரிடையே, ஈசல் பிடிக்கும் அறிவு இன்றும் நிலவுகிறது. மழை பெய்த மாலையில் புற்றின் வாயை நோக்கிக் காத்திருத்தல், இரவில் விளக்கொளி காட்டி அருகில் தோண்டிய குழியிலோ நீர்ப்பாத்திரத்திலோ விழச் செய்தல், உலர்த்தி முறத்தில் புடைத்து இறகு நீக்குதல், வறுத்துப் பொரியும் கடலையும் கலந்து உண்ணல் என்பன அம்மரபின் கூறுகள். எஞ்சியது ஊர்ச்சந்தையில் படிக்கணக்கில் விற்கப்படும். ஆயினும் இது ஆண்டில் ஒருசில நாள் வருவாயே. கரையான் தான் வளர்க்கும் பூஞ்சையை உண்கிறது. அப்பூஞ்சைத் தோட்டத்தை மனிதர் அமைத்துத்தர இயலாது. ஆகவே ஈசல் வளர்ப்புத் தொழிலாக மாறுதற்குரியதன்று. புற்று நிலைத்திருக்கும் தரிசும் புறம்போக்கும் காடும் இருக்கும்வரை மட்டுமே அது கிடைக்கும்.

மோப்பேன் புழு: பொதுவளமும் சந்தையும்

சேகரிப்பைச் சார்ந்த பூச்சித் தொழிலில் பெரிய அளவிலான சந்தையைக் கொண்டது மோப்பேன் புழு. போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா, தென்னாப்பிரிக்காவின் வடபகுதி ஆகிய இடங்களில் பரந்துள்ள மோப்பேன் மரங்களின் இலையைத் தின்று வளரும் அந்துப்பூச்சிப் புழு இது. சுவானா மொழியில் ‘பானே’ எனவும் ஷோனா மொழியில் ‘மதோரா’ எனவும் வழங்கும். பொதுவாக ஆண்டுக்கு இரு தலைமுறை தோன்றுவதால், கோடை மழைக்காலத்தின் தொடக்கத்தையொட்டி ஒரு முறையும் இறுதியையொட்டி ஒரு முறையும் புழு எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் பெண்களே கையால் பறித்து, குடலைப் பிதுக்கி நீக்கி, உப்புநீரில் வேகவைத்து வெயிலில் உலர்த்துகின்றனர். உலர்ந்த புழு பல மாதம் கெடாது. எடையில் பாதிக்கும் மேல் புரதம். பள்ளிக்கட்டணம், தானியம், துணி ஆகியவற்றுக்கான பணம் இதிலிருந்து வருகிறது.

ஈசலுக்கும் மோப்பேன் புழுவுக்கும் உள்ள உயிரியல் வேறுபாடு இங்கு நோக்கத்தக்கது. ஈசலில் பிடிபடுபவை பெரும்பாலும் எப்படியும் மடியவிருப்பவை. மோப்பேனில் பிடிபடுபவை முழுவளர்ச்சியுற்று மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுவாகவிருக்கும் கடைப்பருவப் புழுக்கள். பல இடர்களைக் கடந்து எஞ்சிய இவையே அடுத்த தலைமுறையின் பெற்றோர். இவற்றை முற்றாக எடுத்துவிட்டால் அடுத்த பருவம் பொய்க்கும். இதனை உணர்ந்தே மரபுச் சமூகங்கள் இளம்புழுவைத் தொடாமலும், ஒரு பகுதியை விட்டும், ஊர்த்தலைமை அறிவித்த நாளுக்குப் பின்னரே பறித்தும் வந்தன.

நகரச் சந்தை விரிந்தபோது இக்கட்டுப்பாடு தளர்ந்தது. சரக்குந்துகளில் வந்து மொத்தமாக வாங்கும் வணிகரும், வெளியூரிலிருந்து கூட்டமாக வரும் சேகரிப்பாளரும், தாம் எடுக்காவிடில் பிறர் எடுத்துவிடுவர் என்னும் போட்டியை உண்டாக்கினர். உயரக் கிளையில் உள்ள புழுவுக்காகக் கிளையை முறிப்பதும், விறகுக்கும் கரிக்கும் மரத்தை வெட்டுவதும், அடிக்கடி நேரும் வறட்சியும் சேர்ந்து விளைவைக் குறைத்தன. வலைக்கூண்டுகளில் வளர்க்கும் முயற்சிகளும் நடைபெற்றன. நோய்த்தொற்றும் ஒட்டுண்ணிகளும் மரத்திலேயே வளர்த்தாக வேண்டிய கட்டாயமும் அவற்றுக்குத் தடையாயின. தீனி பொதுநிலத்து மரத்தின் இலையாக இருக்கும் தொழிலில் கூண்டைவிட அம்மரத்தின்மீதான ஊராரின் உரிமையும் விதியுமே தேவை என்பது இதனால் தெளிவாகிறது.

எரி பட்டுப்புழு: தோட்டத்து இலையும் இருமடி வருவாயும்

சேகரிப்புக்கும் முழுமையான வளர்ப்புக்கும் இடைப்பட்டது அசாம், மேகாலயா முதலிய வடகிழக்கு மாநிலங்களின் எரி பட்டுப்புழு வளர்ப்பு. ஆமணக்கைக் குறிக்கும் ‘ஏரண்டம்’ என்னும் சொல்லிலிருந்து ‘எரி’ என்னும் பெயர் வந்தது. தமிழ் மருத்துவ நூல்களிலும் ஆமணக்குக்கு ஏரண்டம் என்னும் பெயர் உண்டு. வீட்டுத் தோட்டத்திலும் வேலியோரத்திலும் வளரும் ஆமணக்கின் இலையே இப்புழுவின் முதன்மைத் தீனி. மரவள்ளி இலையையும் அது உண்ணும்.

மல்பெரிப் பட்டுக்கூட்டிலிருந்து அறுபடாத இழையை இழுக்க, கூட்டுப்புழுவைக் கூட்டோடு வேகவைக்க வேண்டும். எரியின் கூடு ஒரு முனையில் திறந்தது. அதன் இழை தொடர்ச்சியற்றது. ஆகவே அதனை இழுப்பதில்லை, பஞ்சைப்போல் நூற்கின்றனர். கூட்டைச் சிதைக்காமல் கூட்டுப்புழுவை வெளியே எடுக்கலாம் என்பதால் கூடு நெசவுக்கும் புழு உணவுக்கும் செல்கின்றன. போடோ, மிசிங் முதலிய சமூகங்களில் இப்புழு விருப்ப உணவாதலால், புழு விற்பனையே குடும்பத்திற்கு உடனடிக் கைக்காசு தருகிறது. பட்டு விலை வீழ்ந்தால் புழுவும், புழு தேங்கினால் துணியும் ஈடுசெய்யும். இலை தம் தோட்டத்தில், உழைப்பு தம் வீட்டில், சந்தை தம் ஊரில் என அமைந்திருப்பதால் வெளியாரின் தலையீடு குறைவு. இவ்வளர்ப்பில் பெண்களின் பங்கே மிகுதி.

தமிழகத்திலும் ஆமணக்கும் மரவள்ளியும் பயிராகின்றன. இழைக்காக எரி வளர்ப்பை ஊக்குவிக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. ஆனால் இங்குக் கூட்டுப்புழுவை உண்ணும் வழக்கமில்லை. அசாமில் உணவாகும் பொருள் இங்குத் துணைப்பொருளாகவே எஞ்சும். கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகப் பயன்படலாம்; எனினும் தீவன விலை உணவு விலைக்கு நிகராகாது. ஆகவே ஒரு நிலப்பகுதியில் வெற்றிபெற்ற பூச்சித் தொழிலின் வருவாய்க் கணக்கை உணவு வழக்கம் வேறுபடும் மற்றொரு பகுதிக்கு அவ்வாறே பொருத்த இயலாது.

சுவர்க்கோழி: தொட்டியில் வளரும் கால்நடை

தாய்லாந்தில் சுவர்க்கோழி வளர்ப்புக்குரிய தொழில்நுட்பத்தைக் கோன் கேன் பல்கலைக்கழகம் 1998இல் உழவர்க்கு அறிமுகப்படுத்தியது. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் வெளியிட்ட தாய்லாந்து பற்றிய தனி அறிக்கை, அந்நாட்டில் ஏறத்தாழ 20,000 பண்ணைகள் இருப்பதாகவும் ஆண்டுக்குச் சராசரி 7,500 டன் உற்பத்தியாவதாகவும் குறிப்பிடுகிறது. வறண்ட வடகிழக்குப் பகுதியில் நெல்லுக்கு அடுத்த துணைவருவாயாகத் தொடங்கி, பலருக்கு முதன்மைத் தொழிலாகவும் இது மாறியது.

வளர்ப்பு முறை எளிது. சிமெண்ட் கல்லால் கட்டிய தொட்டியில் முட்டை அடுக்கும் அட்டைகள் நிறுத்தப்படுகின்றன. பூச்சிகள் அவற்றின் இடுக்குகளில் தங்குகின்றன. உமியும் மணலும் கலந்த ஈரக்கிண்ணங்களில் முட்டையிடச் செய்து, அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுகின்றனர். ஏறத்தாழ 10 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஏறத்தாழ 45 நாட்களில் அறுவடைக்கு வருகின்றன. ஓடியும் குனிந்தும் செய்யும் கடும் வேலை குறைவாதலால் முதியோரும் பெண்களும் வீட்டருகே செய்யலாம். ஆண்டு முழுவதும் வருவாய் உண்டு. நிலவுடைமை பெரிதாகத் தேவையில்லை.

இதன் சிக்கல் தீனியில் உள்ளது. 1 கிலோ உயிரெடை பெறச் சுவர்க்கோழிக்கு ஏறத்தாழ 1.7 கிலோ தீவனம் போதும்; கோழிக்கு 2.5, பன்றிக்கு 5, மாட்டுக்கு 10 கிலோ வேண்டும் என 2013ஆம் ஆண்டு அறிக்கை ஒப்பிடுகிறது. இந்த ஒப்பீடு தரமான தீவனத்திற்கே பொருந்தும். கலிபோர்னியாவில் லண்டி, பரெல்லா ஆகியோர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், பதப்படுத்தாத கழிவையும் வைக்கோலையும் தந்தபோது சுவர்க்கோழிகள் அறுவடைக்குரிய அளவை எட்டாமலே பெரும்பாலும் மடிந்தன. தானியத் தீவனத்தில் நன்கு வளர்ந்தவையோ புரதத்தை மாற்றித்தரும் திறனில் கோழியைவிடச் சற்றே மேம்பட்டிருந்தன. கழிவைப் புரதமாக்கும் பூச்சி என்னும் பொதுக்கூற்று சுவர்க்கோழிக்கு அப்படியே பொருந்தாது.

தாய்லாந்துப் பண்ணைகளிலும் கடையில் வாங்கும் கோழித்தீவனமே அடிப்படை. உற்பத்திச் செலவின் பெரும்பகுதி அதற்கே செல்கிறது. அறுவடைக்கு முந்தைய சில நாட்களில் பூசணியும் மரவள்ளி இலையும் தருவது சுவைக்காகவும் செலவைக் குறைப்பதற்காகவுமே. தீவன விலை ஏறி, பூச்சி விலை வீழும் காலத்தில் சிறுபண்ணையாளர் கோழிப்பண்ணையாளரின் நெருக்கடியையே சந்திக்கின்றனர். நோயும் ஓர் அச்சுறுத்தல். வீட்டுச் சுவர்க்கோழியைத் தாக்கும் டென்சோ வைரஸ் 2009–2010 காலப்பகுதியில் வட அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றை அழித்தது. ஓரினத்தை நெருக்கமாக வளர்ப்பதன் விளைவு இது.

சந்தை விரியும்போது தரநெறிகளும் வருகின்றன. தாய்லாந்து அரசு 2017இல் சுவர்க்கோழிப் பண்ணைகளுக்கான நற்செயல்முறைத் தரநிலையை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் வீட்டுச் சுவர்க்கோழியைப் புதுவகை உணவாக ஏற்றது. ஏற்றுமதி வாயில் திறந்தது. ஆனால் ஆவணமும் ஆய்வுக்கூடச் சோதனையும் செய்துதர இயலும் பெரும்பண்ணைகளே அவ்வாயிலில் எளிதில் நுழைகின்றன.

ஒப்பீடு

நான்கு சான்றுகளையும் தீனியின் அடிப்படையில் வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஈசலின் தீனியைக் கரையானே ஆக்கிக்கொள்கிறது. அதற்கு இடமாகும் நிலம் மட்டுமே மனிதர் காக்கக்கூடியது. மோப்பேனின் தீனி பொதுக்காட்டு இலை. அதனைக் காக்க ஊர்விதி வேண்டும். எரியின் தீனி குடும்பத்தின் தோட்டத்து இலை. குடும்பமே அதனை ஆளுகிறது. சுவர்க்கோழியின் தீனி விலைக்கு வாங்கும் தீவனம். அதன் விலையைப் பண்ணையாளர் தீர்மானிப்பதில்லை.

முதலிரண்டில் முதலீடு ஏறத்தாழ இல்லை. ஆயின் பருவமும் உரிமையும் வரையறுக்கின்றன. நான்காவதில் பருவத்தடையில்லை, ஆயின் முதலீடும் இடரும் மிகுதி. மூன்றாவது இவ்விரண்டுக்கும் இடையே ஓரளவு சமநிலை பெறுகிறது. நிலமற்ற கூலிக்குடும்பத்திற்குச் சேகரிப்புரிமை பறிக்கப்பட்டு, மாற்றாக வளர்ப்புத் தொட்டி வழங்கப்பட்டால் அது வளர்ச்சியாகாது. பணமின்றிக் கிடைத்த உணவு கடன் வாங்கி நடத்தும் தொழிலாக மாறும். எனவே எத்திட்டமும் பூச்சியைத் தெரிவுசெய்வதற்கு முன் தீனியின் உரிமையை வினவ வேண்டும்.

சட்டமும் நலமும்

இந்தியச் சூழலில் இவ்வினா சட்டத்தைத் தொடுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினர்க்கும் பிற மரபுவழி வனவாழ்நர்க்கும் சிறு வனமகசூலின்மீது உடைமையுரிமை அளிக்கிறது. அச்சட்டம் சிறு வனமகசூலைத் தாவர மூலமுடையதென வரையறுக்கிறது. ஆயினும் டசர், பட்டுக்கூடு, தேன், மெழுகு, அரக்கு ஆகியவற்றை அதனுள் அடக்குகிறது. இவை அனைத்தும் பூச்சி தரும் பொருள்கள். பூச்சி தரும் பொருளுக்கு உரிமை வெளிப்படையாக உண்டு. உணவாகும் பூச்சிக்கு வெளிப்படையான இடமில்லை. வேட்டையுரிமையை விலக்கும் அச்சட்டப் பிரிவு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை விலங்குகளையே கருதுகிறது. கரையான் அவற்றுள் அடங்காது. ஆகவே ஈசல் சேகரிப்பு வெளிப்படையாகத் தடுக்கப்படவுமில்லை. பெயர் சுட்டி ஏற்கப்படவுமில்லை. இத்தெளிவின்மை களத்தில் அலுவலரின் விருப்பத்திற்கு இடமளிக்கும்.

விற்பனையிலும் இத்தகைய நிலையுண்டு. தரநிலை வகுக்கப்படாத உணவுக்கு முன் ஒப்புதல் பெற வேண்டும் என 2017ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கூறுகின்றன. ஊர்ச்சந்தையில் படிக்கணக்கில் விற்கும் பெண்ணால் அவ்வொப்புதலைப் பெற இயலாது. இதற்கு மாறாக, ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்துச் செவ்வெறும்புத் துவையல் 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு பெற்றது. பூச்சியுணவு மரபை அரசு ஏற்கும் வழிகள் உள்ளன என்பதற்கு இது சான்று.

நலம் சார்ந்த எச்சரிக்கைகளும் தேவை. இறால், நண்டு ஒவ்வாமை உடையோர்க்குப் பூச்சியுணவும் ஒவ்வாமை தரலாம். கரையான் ஒழிப்புக்காகக் குளோர்பைரிபாஸ் போன்ற நஞ்சு ஊற்றப்பட்ட புற்றிலிருந்து வரும் ஈசல் உண்ணத்தக்கதன்று. வயலில் கரையான் பகையாகவும் தரிசில் உணவாகவும் கருதப்படும் முரண் இங்கு வெளிப்படுகிறது. எந்தப் புற்றில் மருந்து ஊற்றப்பட்டது என்பதை அறிந்தோர் அவ்வூராரே. வெளியூர்ச் சரக்கை வாங்கும் சந்தைக்கு அவ்வறிவு கிட்டுவதில்லை.

முடிவுரை

பூச்சி சேகரிப்பும் பூச்சி வளர்ப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிநிலைகள் அல்ல. ஈசலும் மோப்பேன் புழுவும் பொதுநிலத்தின் விளைவு. எரி வீட்டுத் தோட்டத்தின் விளைவு. சுவர்க்கோழி தீவனச் சந்தையின் விளைவு. தீனி யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே வருவாயின் கடிவாளமும் இருக்கிறது. ஊரக வாழ்வாதாரத் திட்டங்கள் தொட்டி, கூண்டு, பயிற்சி ஆகியவற்றோடு நின்றுவிடாமல், புற்றும் மரமும் நிற்கும் நிலத்தின் உரிமையையும் கருத வேண்டும்.

புறநானூற்றின் 119ஆம் பாடல் ஈயலை உண்ட இன்பத்தை மட்டும் கூறும் பாடலன்று. பாரி மறைந்தபின் அவன் நாடு அழிந்ததோ எனக் கபிலர் இரங்கும் கையறுநிலைப் பாடல் அது. கார்மழையும் செம்புற்றும் ஈயலும் தினையும் அங்கு ஒருசேர நினைக்கப்படுகின்றன. உணவை நிலத்திலிருந்து பிரித்துக் காண இயலாது என்னும் அவ்வுணர்வு இன்றைய பூச்சியுணவு ஆய்வுக்கும் அடிப்படையாக அமையத்தக்கதாகும்.